புளியங்கொட்டையும் திட்ட விலக்கமும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பத்தாம் வகுப்புக் கணிதத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஓரிரு வரிகள் எழுதியிருந்தேன். அதன் விளைவாக, இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புள்ளியியல் பாடத்தைப் பற்றியே அமைந்துவிட்டன. அவற்றுள் சிலவற்றுக்கு மட்டும் இங்கே விடையளிக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்தியவன் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை.

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தை நேரடி முறை, கூட்டுச் சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை என எந்த முறையில் கேட்டாலும் என் மாணவர்கள் பிழையில்லாமல் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் விடை 6.5 என்று வந்தால் அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் வகுப்பே தலையைக் குனிந்துகொள்கிறது. இந்தப் பாடத்தைச் சுவையாக நடத்த வழியுண்டா?
(கணித ஆசிரியை, மன்னார்குடி)

பதில்: எனக்கும் முதல் பத்தாண்டுகள் இதே கதைதான். பாடநூலின் கணக்குகள் ஓர் அட்டவணையோடு தொடங்குகின்றன. அந்த எண்கள் யாருடையவை, எதற்காக எடுக்கப்பட்டவை என்பது மாணவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. ஆகவே எண்களை மாணவர்களே உண்டாக்கும்படி செய்து பார்ப்போம் என்று ஒரு நாள், காலியான ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் புளியங்கொட்டைகளை நிரப்பி எடுத்துச் சென்றேன். முந்தைய இரவு நானும் என் மனைவியும் எண்ணி வைத்திருந்தோம், மொத்தம் 612. பாட்டிலைத் திறக்கக் கூடாது, அரை நிமிடம் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கூடாது, தாம் நினைக்கும் எண்ணைத் துண்டுத் தாளில் எழுத வேண்டும் என்பவைதாம் விதிகள். நாற்பத்திரண்டு பேர் எழுதினார்கள். பிறகு கரும்பலகையில் 0 முதல் 2000 வரை ஒரு கோடு இழுத்து, ஒவ்வொருவரையும் வந்து தம் எண்ணுக்கு மேலே சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். ஒரே இடத்தில் இருவர் வந்தால் புள்ளியின் மேல் புள்ளி. பத்து நிமிடத்தில் பலகையில் ஒரு குன்று எழும்பியது. எந்த எண் எத்தனை முறை வந்தது என்று காட்டும் இதற்கு நிகழ்வெண் பரவல் என்று பெயர்; அந்தச் சொல்லை நான் அன்று சொல்லவே இல்லை.

கடைசி வரிசை மாணவன் ஒருவன் 9,000 என்று எழுதியிருந்தான். அவன் புள்ளிக்குப் பலகையில் இடம் போதவில்லை. சன்னல் ஓரச் சுவரில் வைத்தான். வகுப்பு சிரித்து ஓய்ந்ததும், அவனை விட்டுவிட்டு மற்ற 41 பேரின் கூட்டுச் சராசரியைக் கணக்கிடச் சொன்னேன்; 580 வந்தது. அவனையும் சேர்த்தால் 780 ஆயிற்று. ஒரே ஒருவன் வகுப்பு முழுவதையும் 200 கொட்டைகள் தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் ஏறுவரிசையில் நடுவில் நிற்பவரைப் பார்க்கும் இடைநிலை அளவோ அசையவே இல்லை என்று சொல்லிவிடலாம். ஊதியம், வீட்டு வாடகை, நிலத்தின் விலை போன்றவற்றில் சராசரியைச் சொன்னால் ஏன் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த விளையாட்டுக்குப் பழைய முன்னோடி ஒன்று உண்டு. 1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியில், ஒரு காளையை வெட்டித் துப்புரவு செய்தபின் அதன் எடை எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கும் பந்தயம் நடந்தது. பந்தயச் சீட்டுகளைப் பின்னர் வாங்கி ஆராய்ந்த ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன், படிக்கும்படி இருந்த 787 சீட்டுகளின் இடைநிலை அளவு 1207 பவுண்டு என்று கண்டார்; உண்மை எடை 1198 பவுண்டு. மனிதர்களில் உயர்ந்த பிறப்பு, தாழ்ந்த பிறப்பு என்று பிரித்துப் பேசிய கால்டனுக்குக் கூட்டத்தின் அறிவே இவ்வளவு துல்லியமாக விடை சொன்னது என்பதை நான் வகுப்பில் சற்று மகிழ்ச்சியோடுதான் சொல்வது வழக்கம்.

இனி உங்கள் திட்ட விலக்கத்துக்கு வருகிறேன். அதற்கு என்னிடம் இருந்த கருவி ஒரு கைக்கடிகாரம் மட்டுமே. மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, தொடங்கு என்று சொன்னதிலிருந்து ஒரு நிமிடம் ஆகிவிட்டது என்று தோன்றும்போது கையை உயர்த்த வேண்டும். இருவர் நேரத்தைக் குறிப்பார்கள். ஒரு வரிசையில் ஐந்து பேர் 48, 56, 60, 64, 72 நொடிகளில் கை உயர்த்தினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உண்மையில் எண்கள் இவ்வளவு அழகாக அமையாது). உங்கள் கணிப்பு இவ்வளவு என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு மறுபடியும் செய்யச் சொன்னால் 57, 59, 60, 61, 63 என்று வருகிறது. இரு முறையும் சராசரி 60 தான். அப்படியானால் இரண்டாம் முறை நாம் முன்னேறவில்லையா என்று கேளுங்கள். வகுப்பு ஒப்புக்கொள்ளாது, முன்னேறினோம் என்று அடித்துச் சொல்லும். சராசரி அதைக் காட்டவில்லையே, எந்த எண்ணைக் கொண்டு அதைக் காட்டுவீர்கள் என்று விட்டுவிடுங்கள். ஒவ்வோர் எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலக்கங்களைக் கூட்டலாம் என்பான் ஒருவன். கூட்டினால் பூச்சியம் வரும். குறியை விட்டுவிடலாம் என்பாள் ஒருத்தி. அதுவும் ஒரு நல்ல வழியே, பெயர் சராசரி விலக்கம். வர்க்கப்படுத்தலாம் என்ற யோசனை யாரிடமிருந்தும் வராவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். அந்த வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் கண்டால் அதுவே திட்ட விலக்கம். முதல் முறை திட்ட விலக்கம் 8 நொடி, இரண்டாம் முறை 2 நொடி. 8 என்றால் என்ன, 2 என்றால் என்ன என்பதை அவர்கள் தங்கள் கையைத் தூக்கியே அறிந்திருப்பார்கள். வாய்பாடு அதற்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர், கணக்கு என்றால் கசப்பு. கிரிக்கெட்டை வைத்துப் புள்ளியியலைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?
(ஒரு தாய், கோயம்புத்தூர்)

பதில்: தாராளமாக முடியும். டான் பிராட்மனின் டெஸ்ட் சராசரி 99.94 என்பது உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். 80 இன்னிங்ஸில் அவர் எடுத்த ஓட்டங்கள் 6996. வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 87.45 தான் வரும். கணக்கில் எங்கே தவறு என்று அவள் திகைக்கட்டும். பத்து முறை அவர் ஆட்டமிழக்காமல் இருந்ததால் வகுக்கும் எண் 70 என்பதை அவளாகவே கண்டுபிடித்தால், சராசரி என்பது எதை எதால் வகுப்பது என்று ஒருவர் தீர்மானித்த பின்பே கிடைக்கும் எண் என்பதும் உடன் புரிந்துவிடும். 1948 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் அவர் கடைசி முறையாக ஆடவந்தபோது சரியாக நான்கு ஓட்டங்கள் எடுத்திருந்தால் சராசரி 100 ஆகியிருக்கும். இரண்டாம் பந்திலேயே ஓட்டமின்றி ஆட்டமிழந்தார். நான்கு என்பது எப்படி வந்தது என்பதை அவளையே சமன்பாடு எழுதிப் பார்க்கச் சொல்லலாம்.

அடுத்த ஆண்டு மாறுபாட்டுக் கெழு (திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை விழுக்காடு என்பது) வரும்போது இரண்டு மட்டையாளர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் ஐந்து ஆட்டங்களில் 38, 42, 40, 36, 44 எடுக்கிறார்; மற்றவர் 0, 110, 5, 80, 5 எடுக்கிறார். இருவருக்கும் சராசரி 40. முதலாமவரின் மாறுபாட்டுக் கெழு ஏறத்தாழ 7 விழுக்காடு, இரண்டாமவருடையது ஏறத்தாழ 115 விழுக்காடு. பாடநூல் முதலாமவரே சீரானவர் என்று எழுதச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். நீங்கள் நிறுத்தாதீர்கள். 300 ஓட்டங்களைத் துரத்த வேண்டிய ஆட்டத்தில் யாரை அனுப்புவாய் என்று கேளுங்கள். சாப்பாட்டு மேசையில் அரைமணி நேரம் விவாதம் நடக்கும்.

இதே வழியைப் பின்பற்ற நினைக்கும் ஆசிரியர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. வகுப்பில் எல்லாருக்கும் கிரிக்கெட் பிடிக்கும் என்பதும் ஆராயாமல் எடுத்த முடிவுதான். பூக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, ஆவணியில் மல்லிகை விலை நாளுக்கு நாள் ஏறி இறங்குவதைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

கேள்வி: நிகழ்தகவைச் சொல்லிக்கொடுக்க நாணயத்தையும் பகடையையும் விட்டால் வேறு வழியில்லையா? மாணவர்களுக்கு அவை சலித்துப்போய்விட்டன.
(பட்டதாரி ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: நாணயத்தின் மேல் குற்றமில்லை. உண்மையில் சுண்டாமலேயே ஒன்றின் கீழ் இரண்டு என்று எழுதிவிடுவதால்தான் அது சலிக்கிறது. வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி வீட்டில் நாணயத்தை நூறு முறை சுண்டி, தலையா பூவா என்பதை வரிசையாக எழுதி வரட்டும். மறு பாதி நாணயத்தைத் தொடாமல், சுண்டியதைப்போல் கற்பனையாகவே நூறு எழுதி வரட்டும். யார் எந்தப் பாதி என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது. மறுநாள் தாள்களை வாங்கி ஒவ்வொன்றையும் பார்த்து, இது சுண்டியது, இது புனைந்தது என்று பிரித்துக் காட்டுங்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும். நீங்கள் மந்திரவாதி ஆகிவிடுவீர்கள்.

இரகசியம் இதுதான். கற்பனையாக எழுதுபவர்கள் மூன்று நான்கு தலைகள் தொடர்ந்து வந்ததும் கை கூசி ஒரு பூவைப் போட்டுவிடுவார்கள். உண்மையான நாணயத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. நூறு முறை சுண்டினால், எங்கேனும் ஓரிடத்தில் ஒரே முகம் ஆறு முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு. எனவே தாளில் மிக நீண்ட தொடரைத் தேடுங்கள். ஆறு இருந்தால் பெரும்பாலும் உண்மை, நான்கோடு நின்றால் பெரும்பாலும் புனைவு. இரகசியத்தை அன்றே உடைத்துவிடாமல் ஒரு வாரம் அவர்களைத் தேடவிட்டால் இன்னும் நல்லது.

பிறந்தநாள் புதிரும் நன்றாக எடுபடும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் யாரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருப்பதற்கான வாய்ப்பு 89 விழுக்காடு. 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல். ஆனால் இந்தக் கணக்கு ஆண்டின் எல்லா நாள்களிலும் பிறப்புகள் சமமாகப் பரவியிருப்பதாக எடுத்துக்கொள்கிறது. என் தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். அப்படிப்பட்ட பதிவேட்டில் மே, ஜூன் மாதங்களில் பாதி ஊரே பிறந்திருக்கும். உங்கள் மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டியின் சான்றிதழ் தேதிகளைச் சேகரித்து வந்தால், சமவாய்ப்பு என்ற எடுகோள் எங்கே உடைகிறது என்பதை வீட்டிலிருந்தே காட்டலாம்.

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பில் புள்ளியியலை ஒரு பாடமாக எடுத்துப் படிக்கிறேன். இயற்பியலில் நியூட்டன், ஐன்ஸ்டீன் என்று கதைகள் உள்ளன. புள்ளியியலில் அப்படிக் கதை சொல்ல யாருமே இல்லையா?
(மாணவர், உதகமண்டலம்)

பதில்: தம்பி, நீங்கள் இந்தக் கேள்வியை உதகமண்டலத்திலிருந்து கேட்டிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும் புள்ளியியலாளர்களுள் ஒருவரான ஆபிரகாம் வால்ட் உயிரிழந்தது உங்கள் நீலகிரி மலையில்தான்.

வால்ட் 1902-இல், அன்று ஹங்கேரியிலும் இன்று ருமேனியாவிலும் உள்ள குளுஜ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய 1938-இல் வியன்னாவை விட்டு அமெரிக்கா சென்றார். இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் ஆய்வுக் குழுவில் அவருக்கு வந்த சிக்கல்களுள் ஒன்று போர் விமானங்களைப் பற்றியது. குண்டு துளைத்துத் திரும்பிவரும் விமானங்களில் துளைகள் எங்கெங்கே உள்ளன என்று பதிவு செய்திருந்தார்கள். விமானம் முழுவதையும் கவசத்தால் மூடினால் எடை தாங்காது. எந்தப் பகுதியை மட்டும் மூடலாம்? துளைகள் அதிகமுள்ள இடத்தை என்று சொல்லத் தோன்றும். வால்டின் கணக்கு எதிர்த்திசையில் சென்றது. திரும்பிவந்த விமானங்களில் எந்தப் பகுதியில் துளைகள் குறைவோ, அந்தப் பகுதியில் அடிபட்டவை திரும்பி வரவே இல்லை என்று கொள்ள வேண்டும். கவசம் தேவைப்படுவது அங்கேதான்.

இணையத்தில் சிவப்புப் புள்ளிகளோடு உலவும் விமானப் படம் பிற்காலத்தில் விளக்கத்துக்காக வரையப்பட்டது என்பதையும், அதிகாரிகள் கூடிய அறையில் வால்ட் எழுந்து ஒரே வரியில் வாயடைத்தார் என்பதுபோன்ற நாடகக் காட்சிகள் பிறகு சேர்ந்துகொண்டவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் விட்டுச் சென்றவை 1943-இல் எழுதிய, கணிதம் நிறைந்த குறிப்புகள். போருக்குப் பின் இந்தியப் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாற்ற வந்தவர், 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரியில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்தார். அப்போது அவருக்கு வயது 48. விமானங்கள் திரும்பிவராமல் போவதைப் பற்றி எழுதியவருக்கு இப்படி நேர்ந்ததைப் பற்றி நான் என்ன சொல்வது.

அவரது சிந்தனை உங்கள் தெருவிலேயே கிடைக்கும். எங்கள் தாத்தா நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடித்துத் தொண்ணூறு வயது வாழ்ந்தார் என்று யாரேனும் சொல்லும்போது, இரண்டு கட்டு பீடி குடித்து ஐம்பதில் போனவர்களின் பேரன்களிடம் நாம் கேட்டோமா என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: பாட்டு, நடனம், கைப்பேசிச் செயலி ஆகியவற்றின் மூலம் புள்ளியியலைக் கற்பித்தால் மாணவர்கள் மகிழ்ச்சியாகக் கற்பார்கள் அல்லவா?
(பயிற்சி ஆசிரியர், விழுப்புரம்)

பதில்: மகிழ்வார்கள், கற்பார்களா என்பது தெரியவில்லை. முகடு என்றால் மிகுதியாக வருவது என்று பாடத் தெரிந்த பிள்ளைக்கு, செருப்புக் கடைக்காரர் சரக்கு எடுக்கும்போது சராசரி அளவைப் பார்க்காமல் ஏன் முகட்டைப் பார்க்கிறார் என்பதும் தெரிய வேண்டும். செயலி ஆயிரம் முறை நாணயத்தைச் சுண்டிக் காட்டட்டும், ஆனால் முதல் நூறைக் கையால் சுண்டிய பிறகு.

கேள்வி: நான் இங்கே தரம் 10, 11 மாணவருக்குக் கணிதம் கற்பிக்கிறேன். மீடிறன், இடையம், ஆகாரம் எல்லாம் கணித்துவிடுகிறார்கள். மாதிரி எடுத்தலை விளக்கச் சிறிய செயற்பாடு ஒன்று கூறமுடியுமா? நீங்கள் பயன்படுத்தும் சொற்கள் எங்கள் பாடநூற் சொற்களிலிருந்து வேறுபடுவதும் மாணவருக்குக் குழப்பமாக உள்ளது.
(ஆசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: சொற்களை முதலில் முடித்துக்கொள்கிறேன். நாங்கள் நிகழ்வெண் என்பதை நீங்கள் மீடிறன் என்கிறீர்கள். எங்கள் இடைநிலை அளவு உங்கள் இடையம், எங்கள் முகடு உங்கள் ஆகாரம், எங்கள் திட்ட விலக்கம் உங்கள் நியம விலகல். மீடிறன் என்ற சொல் எனக்கு எங்களுடையதைவிடப் பிடிக்கும். மீண்டும் மீண்டும் வருவது என்ற பொருள் அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது.

செயற்பாட்டுக்குச் சிவப்புக் கௌபி (எங்கள் ஊர்க் காராமணி) ஒரு பை போதும். களப்பில் எத்தனை மீன்கள் உள்ளன என்று நீரை வற்றடிக்காமல் எப்படிச் சொல்வது என்று கேட்டுத் தொடங்குங்கள். பையிலிருந்து 40 மணிகளை எடுத்துவிட்டு, பதிலுக்கு 40 வெள்ளைக் கௌபியைப் போடுங்கள். அவைதாம் பிடித்து அடையாளமிட்டு மீண்டும் நீரில் விட்ட மீன்கள். நன்றாகக் கலக்கிவிட்டு ஒரு கைப்பிடி அள்ளுங்கள். அள்ளிய 50-இல் 8 வெள்ளையாக இருந்தால், பை முழுவதிலும் வெள்ளை அதே விகிதத்தில்தான் இருக்கும் என்று கொண்டு, 40-ஐ 50-ஆல் பெருக்கி 8-ஆல் வகுக்க 250 வரும். ஒவ்வொரு குழுவும் அள்ளி வேறு வேறு விடை பெறும். அதுவே பாடத்தின் நல்ல பகுதி. பிறகு உண்மையாகவே எண்ணிப் பாருங்கள்.

ஒரு குழுவைச் சரியாகக் கலக்காமல் அள்ளவிடுங்கள். வெள்ளை மணிகள் மேலேயே கிடந்து கையில் அதிகம் சிக்கும், மீன்களின் எண்ணிக்கை குறைவாக வரும். ஒரு முறை வலையில் சிக்கிய மீன் அடுத்த முறை வலையைக் கண்டு ஒதுங்கினால் கணக்கு எப்பக்கம் சாயும் என்று கேட்டால், கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைகள் ஆசிரியருக்கே சொல்லித்தரக் கூடும்.

கேள்வி: என் மாணவர்களை ஓர் ஆய்வு செய்யச் சொன்னேன். எல்லாரும் தங்கள் நண்பர்களிடம் மட்டுமே கேட்டு வந்தார்கள். எல்லாருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருக்கும்படி சிலரை எடுக்கும் சமவாய்ப்பு மாதிரி என்பதை அவர்கள் மனத்தில் பதியவைப்பது எப்படி?
(ஆசிரியை, காஞ்சிபுரம்)

பதில்: ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் உத்திரமேரூர் இருக்கிறது, அழைத்துச் செல்லுங்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையை அங்கே கோயில் சுவரில் விரிவாகச் சொல்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடத்தில் இட்டுக் குலைத்து, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஓலையைக் குலைத்ததும், விவரம் அறியாத சிறுவனை எடுக்கச் சொன்னதும் எதற்காக என்று மாணவர்களிடமே கேளுங்கள். ஊர் முழுவதற்கும் ஒரே குடம் வைக்காமல் குடும்புவாரியாக ஏன் எடுத்தார்கள் என்பது அடுத்த கேள்வி. ஒரே குடமாக இருந்தால் சில குடும்புகளுக்கு ஒருவரும் கிடைக்காமல் போகலாம். மக்கள்தொகையைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சமவாய்ப்பில் எடுக்கும் இன்றைய முறையின் பயனும் அதுதான். ஆனால் யார் பெயர் ஓலையில் ஏறலாம் என்பதற்கு நிலம், வீடு, கல்வி என்று கடுமையான நிபந்தனைகள் இருந்தன. குடத்துக்குள் போகவே முடியாதவர்கள் ஊரில் ஏராளம். பட்டியலில் இல்லாதவருக்கு எந்தக் குலுக்கலிலும் இடமில்லை என்பதையும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மாணவர்களின் தரவுகளையே பயன்படுத்த விரும்பி, வகுப்பில் அனைவரின் எடையையும் எடுத்துப் பலகையில் எழுதினேன். ஒரு மாணவி அழுதுவிட்டாள். தேர்வில் காப்பி அடித்தவர் எத்தனை பேர் என்று மற்றொரு நாள் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் செய்தது தவறா?
(ஆசிரியர், தருமபுரி)

பதில்: முதலாவது தவறுதான்; நானும் அதைச் செய்து பட்டிருக்கிறேன். எடை, உயரம், மதிப்பெண், பெற்றோரின் வருமானம் ஆகிய நான்கையும் வகுப்பறைப் பலகையில் ஏற்ற வேண்டாம். பள்ளிக்கு வர ஆகும் நேரம், கையெழுத்துப் போட ஆகும் நொடிகள், ஒரே மூச்சில் எத்தனை முறை ஒரு நாநெகிழ் தொடரைச் சொல்ல முடிகிறது என்பனபோல் யாரையும் புண்படுத்தாத எண்கள் எவ்வளவோ உள்ளன.

இரண்டாவது கேள்விக்கு அழகான விடை ஒன்று இருக்கிறது. 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்ற அமெரிக்கர் முன்வைத்த வழியின் எளிய வடிவம் அது. ஒவ்வொரு மாணவரும் பிறர் பார்க்காமல் நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் ஆம் என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். நாற்பது பேரில் 27 பேர் ஆம் என்றால், அவற்றுள் ஏறத்தாழ 20 நாணயம் சொன்னவை. எஞ்சிய 20 பேரில் 7 பேர் தாமே ஒப்புக்கொண்டவர்கள். அதாவது வகுப்பில் 35 விழுக்காட்டினர் காப்பி அடித்திருக்கிறார்கள் என்று மதிப்பிடலாம். எந்த ஒரு தாளையும் காட்டி நீ அடித்தாயா என்று கேட்க முடியாது. தலை விழுந்தது என்று சொல்லிவிடுவார்கள். நாற்பது பேருக்குச் சரியாக 20 தலை விழும் என்பது நிச்சயமில்லை என்பதால் மதிப்பீடு தள்ளாடும்; எவ்வளவு தள்ளாடும் என்பதை அடுத்த வகுப்பிலும் செய்து பார்த்தால் தெரியும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது நலம்.

கேள்வி: எல்லாம் சரி, ஐயா. பாடத்தை முடிக்கவே நேரமில்லாதபோது இவற்றை எப்போது செய்வது? ஜூன் 29 புள்ளியியல் நாளன்றாவது செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்.
(கணித ஆசிரியர், திருவாரூர்)

பதில்: நேரம் உண்மையாகவே குறைவு, அதை மறுப்பதற்கில்லை. திட்ட விலக்கத்துக்கு முறைக்கு ஐந்தாக இருபது கணக்குகள் போடுவதற்குப் பதில், ஒரே தரவை நான்கு முறைகளிலும் நான்கு குழுக்கள் போட்டு, விடை ஒன்றே என்று கண்டு, எந்த முறை எளிது என்று தங்களுக்குள் முடிவு செய்தால் இரண்டு பாடவேளைகள் மிஞ்சும். அவற்றை இதற்குச் செலவிடலாம்.

ஜூன் 29, பி. சி. மகலனோபிஸ் 1893-இல் பிறந்த நாள். 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இயற்பியல் பேராசிரியராக இருந்த அவர் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். வங்காளத்தில் சணல் எவ்வளவு விளைகிறது என்பதை வயல் வயலாக அளக்காமல், சமவாய்ப்பில் தேர்ந்த சில இடங்களை மட்டும் அளந்து மதிப்பிட்டுக் காட்டினார். உங்கள் மாவட்டத்தில் அதே வழிமுறை இன்றும் வயலில் நடக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்காக அதிகாரிகள் வந்து, தேர்ந்தெடுத்த வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்தில் உள்ள நெல்லை மட்டும் அறுத்து எடைபோடும் பயிர் அறுவடைப் பரிசோதனையை உங்கள் மாணவர்கள் பலர் நேரில் கண்டிருப்பார்கள். சில வயல்களின் எடை, பல ஊர்கள் சேர்ந்த பிர்க்கா முழுவதற்கும் எப்படிப் பேசலாம் என்று வீட்டில் பெரியவர்கள் கோபப்பட்டதையும் கேட்டிருப்பார்கள்.

நான்கு மூங்கில் குச்சிகளால் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று செய்யுங்கள். விளையாட்டுத் திடலை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மீட்டர் கணக்கில் எண்ணிட்டு, துண்டுச் சீட்டு எடுத்து வரும் எண்களின்படி பத்து இடங்களில் சட்டத்தை வைத்து, உள்ளே உள்ள தொட்டாற்சிணுங்கிச் செடிகளை எண்ணச் சொல்லுங்கள். பத்தின் சராசரியைத் திடலின் பரப்பால் பெருக்கினால் மொத்தச் செடிகளின் மதிப்பீடு கிடைக்கும். சீட்டில் வந்த இடம் கோல் கம்பத்தின் முன்னால் புல்லே முளைக்காத மொட்டைத் தரையாக அமைந்தால், இங்கே வேண்டாம், அந்தப் பக்கம் தள்ளி வைப்போம் என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். சட்டத்தை நகர்த்தவிடாதீர்கள். நகர்த்தினால் என்ன ஆகும் என்று, அங்கேயே வெயிலில் நின்றபடி அவர்கள் பேசித் தீர்க்கட்டும்.